டிஜிவியில் எல்லை தாண்டியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாரிஸ்வாசி:
பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி 1981இல் பாரிஸ்–லியோன் பாதையில் ஓடத் தொடங்கியது. வேகத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, அது பழைய தண்டவாளத்திலும் ஓடும் என்பது. அதனால்தான் ஊர் நடுவில் இருக்கும் பழைய நிலையத்துக்கே வந்து நிற்கிறது, பக்கத்து நாட்டுக்குள்ளும் போகிறது.

போன கோடையில் குடும்பத்தோடு பார்சிலோனா போனோம். 2013 டிசம்பரிலிருந்து பாரிஸிலிருந்து நேரடி ரயில் உண்டு, ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம். தெற்கே இறங்கும்வரை 300 கி.மீ. வேகம். மோன்பெல்லியே தாண்டியதும் அதிவேகப் பாதை முடிந்து, ரயில் சாதாரணப் பாதையில் நிதானமாகப் போகிறது. அங்கேதான் கண்ணுக்கு விருந்து! நார்பொன்னுக்குத் தெற்கே இரண்டு பக்கமும் கடற்கழி, தண்ணீரில் பூநாரைக் கூட்டம். பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. பெர்பினியான் தாண்டி எட்டு கிலோமீட்டர் சுரங்கம், வெளியே வந்தால் ஸ்பெயின். அந்த நாட்டின் பழைய தண்டவாளம் அகலமானது. அதிவேகப் பாதையை மட்டும் பிரான்சில் உள்ளதுபோல 1435 மி.மீ. அகலத்தில் போட்டதால் நாங்கள் வண்டி மாறவே வேண்டியிருக்கவில்லை. பகல் பயணமாகவே பதிவு செய்யுங்கள், இரவில் போனால் இதெல்லாம் தெரியாது.

காசாபிளாங்காவிலிருந்து:
இங்கே மொராக்கோவில் ஓடும் அல் போராக்கும் அதே குடும்பம்தான் அண்ணா, பிரான்சில் செய்த இரட்டை அடுக்கு வண்டி. 2018 நவம்பரில் வந்தது. தான்ஜியரிலிருந்து கெனித்ரா வரை 320 கி.மீ. வேகம், அப்புறம் பழைய பாதை. முன்பு நாலே முக்கால் மணி நேரம் ஆன காசாபிளாங்கா–தான்ஜியர் பயணம் இப்போது இரண்டு மணி பத்து நிமிடம். வேலை விஷயமாகக் காலையில் தான்ஜியர் போய், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஆப்பிரிக்காவின் முதல் அதிவேக ரயில் இது. ஏறும்போதெல்லாம் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

பூசான் மாணவி:
தென் கொரியாவின் அதிவேக ரயிலான கேடிஎக்ஸும் டிஜிவி வழி வந்ததுதான். 2004இல் சேவை தொடங்கியது. முதல் 46 வண்டிகளில் 12 பிரான்சில் செய்தவை, மீதி இங்கேயே செய்தவை. அந்தப் பழைய வண்டிகளில் சாதாரண வகுப்பு இருக்கைகளைத் திருப்ப முடியாது, பாதிப் பேர் பின்னோக்கி உட்கார வேண்டும். எனக்குத் தலைசுற்றும். பின்னால் வந்த சான்சோன் வண்டியில் இருக்கை திரும்பும். சியோல் போவதென்றால் அதைப் பார்த்து எடுங்கள்.