இங்கிலாந்து வீட்டுத் தோட்டத்தில் மோட்டார் சைக்கிளைப் பாதுகாப்பாக வைக்க எந்த ஷெட் ஏற்றது?

ஹாரோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லண்டனின் வடமேற்கே ஹாரோவில், ஒரு பக்கச் சுவர் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். கராஜ் கிடையாது. என்னிடம் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 இருக்கிறது. ஒரகடம் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்த வட்டாரத்து ஆலையில் தயாராகிக் கப்பலில் வந்த வண்டியை இந்த ஊரில் ஓட்டுவதில் தனிப் பற்று உண்டு. இப்போது அதை வீட்டின் முன்புறத்தில் உறை போட்டுச் சங்கிலியால் கட்டி வைக்கிறேன். அண்மையில் எங்கள் தெருவிலேயே ஒரு ஸ்கூட்டர் இரவில் திருடு போனதால், பின்தோட்டத்தில் ஷெட் ஒன்று அமைத்து வண்டியை அங்கே மாற்ற முடிவு செய்திருக்கிறேன்.

வீட்டின் பக்கவாட்டில் 1.1 மீட்டர் அகலமுள்ள நடைபாதை பின்தோட்டம் வரை செல்கிறது. தரை இப்போது புல்லும் மண்ணும்தான். மொத்தச் செலவு 1,500 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். மர ஷெட் வாங்குவதா, இரும்பு ஷெட் வாங்குவதா, எந்த அளவு போதும், கவுன்சிலின் அனுமதி தேவைப்படுமா, காப்பீட்டு நிறுவனத்திடம் என்ன சொல்ல வேண்டும் என்பவற்றில் அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.

குறொய்டன் தச்சன் எழுதியது:

வணக்கம். நான் பல ஆண்டுகளாகத் தோட்டத்து ஷெட்டுகளைப் பொருத்திக் கொடுக்கும் வேலை செய்து வருகிறேன். மரமா இரும்பா என்று யோசிப்பதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள். உங்கள் வண்டி ஏறத்தாழ 2.1 மீட்டர் நீளம் இருக்கும். ஹேண்டில்பாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையும், கண்ணாடிகளோடு சேர்த்தும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடைகளில் ஷெட்டின் அளவை அடியில் சொல்வார்கள். அது பெரும்பாலும் வெளிப்புற அளவு. 7 அடி என்று விற்கப்படும் ஷெட்டுக்குள், சட்டங்களின் தடிப்பைக் கழித்தால், உங்கள் வண்டியை வைத்துக் கதவை மூடுவது கடினம். 8 அடிக்கு 5 அடி என்பதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளுங்கள். இடமிருந்தால் 8 அடிக்கு 6 அடி எடுப்பது நல்லது.

வண்டியின் சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம் இருக்கிறது. தள்ளிக்கொண்டு போகும்போது நீங்களும் இடப்பக்கத்தில்தான் நிற்பீர்கள். ஆகவே முன்சக்கரம் முதலில் உள்ளே போகும்படி வைப்பதானால், வண்டி வலப்பக்கச் சுவரை ஒட்டியும், இடப்பக்கத்தில் ஓர் ஆள் நின்று குனிந்து பூட்டுப் போடும் அளவுக்கு இடம் விட்டும் இருக்க வேண்டும். சாதாரண மர ஷெட்டின் ஒற்றைக் கதவு ஹேண்டில்பாருக்கே போதாது. குறுகிய பக்கத்தில் இரட்டைக் கதவு உள்ளதாக, திறந்தால் 1.2 மீட்டராவது கிடைப்பதாகப் பாருங்கள். பக்கப் பாதையிலிருந்து வண்டி வரும் திசைக்கு நேராகக் கதவு அமையட்டும். 200 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஈரப் புல்லில் நின்று திருப்புவது முதுகுக்கு நல்லதல்ல.

இனி, மரமும் இரும்பும். மலிவான தகர ஷெட்டுகளின் தகடு கையால் அழுத்தினாலே வளையும். அவற்றைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்படும் இரும்பு ஷெட்டுகளில் தகடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாக இருக்கும், கதவில் பல இடங்களில் பூட்டும் அமைப்பும் இருக்கும். ஆனால் அவற்றில் நல்லது ஒன்றுக்கே உங்கள் பணத்தின் பெரும்பகுதி போய்விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நல்ல மர ஷெட்டையே எடுப்பேன். பலகை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் வகையை விட்டு, நாக்கும் குழியுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் வகையை வாங்குங்கள். சன்னல் இல்லாததாக இருக்கட்டும். கீல்களிலும் கொண்டியிலும் கடையில் தரும் குட்டித் திருகாணிகளை எடுத்துவிட்டு, பலகையை ஊடுருவிச் சென்று உட்புறத்தில் பெரிய வாஷரும் நட்டும் போடும் உருண்டைத்தலை போல்ட்டுகளை மாட்டுங்கள். வெளியிலிருந்து திருகாணியைக் கழற்ற முடிந்தால், எத்தனை விலையுயர்ந்த ஆமைப்பூட்டுத் தொங்கினாலும் பயனில்லை. பூட்டுக்கு ஐரோப்பியத் தரம் ஈஎன் 12320-இல் 4 அல்லது அதற்கு மேற்பட்ட நிலையைப் பார்த்து வாங்கலாம்.

சங்கிலிக்கண்ணி எழுதியது:

தச்சர் கதவைப் பற்றிச் சொன்னவை சரி. ஆனால் கதவோடு நின்றுவிட்டால் வண்டி போய்விடும் என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்கிறேன். வண்டியைப் பறிகொடுத்தவர்களின் முகத்தை அடிக்கடி பார்க்கிறேன். மரச் சுவரைக் கடப்பாரையால் பெயர்க்கச் சில நிமிடங்கள் போதும். ஷெட் வண்டியைக் கண்ணிலிருந்து மறைக்கிறது, மழையிலிருந்து காக்கிறது, வருகிறவனைத் தாமதப்படுத்துகிறது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். வண்டியைப் பிடித்து வைப்பது தரையும் சங்கிலியும்தான். எனவே, ஷெட்டே இல்லாமல் வெட்டவெளியில் நிறுத்தியிருந்தால் எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே உள்ளேயும் கட்டுங்கள்.

உங்கள் 1,500 பவுண்டில் முதல் பங்கு தரைக்குப் போகட்டும். மண்ணை வெட்டியெடுத்து, ஏறத்தாழ 100 மில்லிமீட்டருக்கு உடைகல் பரப்பி நன்றாக இடித்து, அதன்மேல் ஈரம் ஏறாத பாலிதீன் விரிப்பைப் போட்டு, கம்பி வலை வைத்து, குறைந்தது 100 மில்லிமீட்டர் கான்கிரீட் போடுங்கள். சங்கிலியைக் கட்டும் இரும்பு வளையம் வரும் இடத்தில் இன்னும் ஆழமாகக் குழி வெட்டி, கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே வளையத்தைப் பதித்துவிடுவது எல்லாவற்றிலும் உறுதியானது. பிறகு துளையிட்டு மாட்டும் வகையென்றால் கான்கிரீட் முழு வலிமை பெறுவதற்கு நான்கு வாரம் விட்டு, தளத்தின் ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளித் துளையிடுங்கள். ஓரத்தில் போட்டால் கான்கிரீட் விண்டுவிடும். ஷெட்டோடு வரும் மெல்லிய பலகைத் தரை உங்களுக்குத் தேவையில்லை. சைடு ஸ்டாண்டின் சிறிய பாதத்தில் வண்டியின் எடை குவிவதால் அது நாளடைவில் பொத்துக்கொள்ளும். சுவர்களை நேரடியாகத் தளத்தில் நிறுத்தி, அடிச்சட்டத்தை உட்புறமிருந்து கான்கிரீட்டோடு போல்ட் போட்டுப் பிணைத்துவிடுங்கள்.

சங்கிலியில் கண்ணியின் தடிப்பு 16 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். அதற்குக் கீழே நீண்ட கைப்பிடி வெட்டுக்கருவி கடித்துவிடும். பூட்டுகளைச் சோதித்துத் தரம் வழங்கும் சோல்ட் செக்யூர், 1992-இல் நார்தம்பிரியா, எசெக்ஸ் காவல் துறைகள் முன்னின்று தொடங்கிய அமைப்பு. அதன் மோட்டார் சைக்கிள் பிரிவில் தங்கத் தரமோ, அதற்கும் மேலான வைரத் தரமோ பெற்ற பொருளாகத் தேர்ந்தெடுங்கள். வளையம், சங்கிலி, பூட்டு மூன்றும் ஒரே தரத்தில் இருப்பது அவசியம், ஏனென்றால் திருடன் மூன்றில் எளியதைத்தான் தேடுவான். சங்கிலியைப் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் வழியாகவோ சட்டத்தின் வழியாகவோ செலுத்துங்கள். முன்சக்கரத்தில் மட்டும் போட்டால் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியைத் தூக்கிச் செல்வார்கள். சங்கிலி தரையில் கிடக்காமல் இறுக்கமாக, உயரத்தில் நிற்க வேண்டும். தரையில் கிடந்தால் அந்தத் தரையே அவர்களுக்குப் பட்டடையாகிவிடும்.

இரும்பை அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் பேட்டரியில் ஓடுவதாக வந்த பிறகு, எவ்வளவு தடித்த சாதாரணச் சங்கிலியும் சில நிமிடங்களில் அறுபடக்கூடியதே. கிரைண்டரின் வெட்டுத் தகட்டை விரைவாகத் தேய்த்துவிடும் பூச்சு கொண்ட பூட்டுகள் இப்போது கிடைக்கின்றன. பணம் மிஞ்சினால் அவற்றில் ஒன்றை இரண்டாவதாகப் போடுங்கள். நகர்ந்தால் அலறும் சிறிய அலாரம் ஒன்றை ஷெட்டுக்குள் வையுங்கள். கிரைண்டர் சத்தம் வீட்டுக்குக் கேட்காத மூலையில் ஷெட்டை அமைக்காதீர்கள். படுக்கையறைச் சன்னலுக்கு நேரே இருப்பது நல்லது.

இறுதியாக ஒன்று: ஷெட் கட்டும் வேலையையும் வண்டியையும் சேர்த்துப் படமெடுத்துச் சமூக ஊடகங்களில் போட வேண்டாம்.

வேலியோரம் எழுதியது:

அனுமதி பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்குத் தோட்டத்து ஷெட் அமைக்கத் தனி அனுமதி தேவையில்லை; ஆனால் சில வரம்புகள் உள்ளன. தோட்ட எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் ஷெட்டின் எந்தப் பகுதி வந்தாலும் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டின் முகப்புச் சுவருக்கு முன்னால் அமைக்கக் கூடாது. முன்புறத்தில் ஷெட் போட விரும்புகிறவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். முதலில் கட்டிய வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்குமேல் கட்டடங்களால் மூடப்படக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. மரபுரிமைப் பட்டியலில் உள்ள வீடுகளின் வளாகத்தில் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். ஹாரோவில், பழைய கட்டட அழகைக் காக்கக் கவுன்சில் வரையறுத்த பாதுகாக்கப்பட்ட பகுதிகள் (கன்சர்வேஷன் ஏரியா) பல உண்டு. அவற்றில் வீட்டின் பக்கவாட்டில் ஷெட் போடவும் அனுமதி தேவை. நீங்கள் பின்புறத்தில் அமைப்பதால் பெரும்பாலும் சிக்கல் இராது என்றாலும், உங்கள் தெரு எதில் சேர்கிறது என்பதைக் கவுன்சிலின் இணையதளத்தில் முதலில் பார்த்துவிடுங்கள்.

ஹாரோவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தரைக்கு முதலிடம் தர வேண்டும் என்பது எனக்குத் தோன்றாத கோணம். 8 அடிக்கு 6 அடி மர ஷெட், கான்கிரீட் தளம், பதித்த வளையம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். குழி வெட்டும் வேலையை நானும் தம்பியும் செய்துவிடுவோம். ஈரப்பதமும் காப்பீடும்தான் மீதமுள்ள கவலைகள். உறைபோட்ட நிலையிலேயே குளிர்காலத்தில் குரோமியப் பூச்சில் துருப்புள்ளிகள் தென்பட்டன. அடைத்த ஷெட்டுக்குள் அது கூடுமா?

குறொய்டன் தச்சன் எழுதியது:

காற்றோட்டம் இருந்தால் துரு அதிகரிக்காது. இரும்பு ஷெட்டின் ஒற்றைத் தகடு குளிர்ந்து வியர்த்து, அந்த நீர் வண்டிமேல் சொட்டும். மரத்தில் அந்தத் தொல்லை குறைவு, நான் மரத்தைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக வலையடித்த காற்றுவழி வையுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் கீழ்வழியை அடைத்துவிடக் கூடாது. எரிவாயு அல்லது மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே எரிப்பது இரட்டைத் தீங்கு: தீ அபாயமும் உண்டு, எரியும்போது நீராவியும் வெளிவரும். குளிர்காலத்தில் தெருவில் தூவும் உப்புத்தான் உங்கள் குரோமியத்தைத் தின்கிறது. ஓடிவந்த நாளிலேயே குளிர்ந்த நீரால் கழுவி, உலரவிட்டு, துருத்தடுப்பு எண்ணெய் தெளித்து, காற்றுப் புகும் துணி உறையைப் போடுங்கள். பிளாஸ்ரிக் உறை வேண்டாம்.

பற்றறியைச் சார்ஜ் செய்ய ஷெட்டுக்கு மின்னிணைப்பு வேண்டுமென்றால், கவசமிட்ட கம்பியும் 30 மில்லி அம்பியர் கசிவுப் பாதுகாப்புச் சுவிட்சும் வைத்து, பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டு செய்யுங்கள். ஷெட்டுக்குப் புதிய மின்சுற்று இழுப்பது கட்டட விதிகளின்படி அறிவிக்க வேண்டிய வேலை. சமையலறையிலிருந்து நீட்டிப்புக் கம்பியை இழுத்துவிடும் வழக்கத்தை நிறையப் பார்க்கிறேன், அது சரியல்ல.

காப்புறுதியைப் பொறுத்தவரை, பல நிறுவனங்கள் கராஜ் என்றால் செங்கல், கல், கொங்கிறீற்று போன்றவற்றால் கட்டியதையே கருதுகின்றன. மர ஷெட்டைக் கராஜ் என்று படிவத்தில் குறித்துவிட்டால், 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி தகவலைக் கவனத்தோடு தருவது உங்கள் பொறுப்பு என்பதால், இழப்பீட்டுத் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்கு இடம் கிடைக்கும். ஷெட்டின் பொருள், பூட்டு, தரை வளையம் ஆகியவற்றை விவரித்து மின்னஞ்சல் அனுப்பி, அதை எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்று எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வளையம், சங்கிலி ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளையும், வளையத்தைப் பதித்துக் கொங்கிறீற்று ஊற்றுவதற்கு முன் எடுத்த படத்தையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.