கட்டிக் கணக்கை இன்னும் வைத்திருக்க வேண்டுமா? (பினாங்குச் சந்தை விவாதம்)

பட்டர்வொர்த்துக்காரன்:
நேற்று காலை ஜார்ஜ்டவுனில் ஒரு சந்தையில் இறால் விலை கேட்டேன். "பதினெட்டு வெள்ளி" (ரிங்கிட்) என்றார் கடைக்காரர். ஒரு கிலோ போடச் சொன்னேன். பையைக் கையில் கொடுத்துவிட்டு முப்பது வெள்ளி கேட்டார். பதினெட்டு என்பது கட்டி என்ற பழைய எடைக்காம், அதாவது 600 கிராமுக்கு. அவர் ஏமாற்றினார் என்று சொல்லவில்லை, பழக்கத்தில் வந்த வார்த்தை அது. ஆனால் மெட்ரிக் அளவுகளுக்கான நம் மலேசிய எடை அளவுச் சட்டம் வந்தது 1972-இல். அரை நூற்றாண்டு தாண்டியும் விலை சொல்லும்போது வாயில் கட்டிதான் வருகிறது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு தீபகற்ப மலேசியா முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினோம். விடிந்தபோது எல்லோரும் புது நேரத்தில் இருந்தோம். நேரத்தை ஒரே ராத்திரியில் மாற்ற முடிந்த நாட்டில் கட்டியை மட்டும் ஏன் விட முடியவில்லை? கிலோ விலையை மட்டும்தான் சொல்ல வேண்டும், எழுத வேண்டும் என்பது என் கட்சி.

மீன்கடை மகள்:
அண்ணே, நேரத்தைக் கடிகாரம் காட்டும். கட்டி மனக்கணக்கில் இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. என் அப்பா டாச்சிங் பிடித்தவர். ஊரில் வெள்ளிக்கோல் என்பார்களே, அதுதான். கோலின் ஒரு நுனியில் கொக்கி, அதில் மீன். இன்னொரு பக்கம் நூலில் தொங்கும் குண்டு. கோல் நெடுகப் பித்தளைப் புள்ளிகள் பதித்திருக்கும். குண்டை விரலால் தள்ளித் தள்ளி, கோல் படுக்கையாக நின்ற இடத்தில் புள்ளியை எண்ணுவார். வாங்க வந்த பாட்டிகளும் கூடவே எண்ணுவார்கள். 16 தாயில் ஒரு கட்டி, 100 கட்டி ஒரு பிக்குல். பள்ளிக்கூடமே போகாதவர்களுக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. நாலு பேர் வீட்டுக்கு ஒரு வேளைக்கு ஒரு கட்டி மீன் சரியாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பெயரை அழித்துவிட்டால் நிறுவை நேர்மையாகிவிடுமா?

அளவுக்காரன்:
பாயான் லெப்பாசில் அளவுக்கருவி சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். தங்கச்சி சொல்வதில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். உங்கள் அப்பா பிடித்த கட்டியும் இன்று சொல்கிற கட்டியும் ஒன்றல்ல. ஆங்கிலேயர் காலத்துக் கட்டி ஒன்றேகால் ராத்தலுக்குக் (பவுண்டு) கொஞ்சம் மேல், சரியாகச் சொன்னால் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். கிராமில் 604.79. பிக்குல் 60.48 கிலோ. இன்று கட்டி 600 என்று நாமே முழுசாக்கிக்கொண்டோம். ஒரு கட்டியில் வித்தியாசம் ஐந்து கிராமுக்கும் குறைவு, யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு பிக்குலில் அதுவே 480 கிராம். பேச்சு வழக்கில் வாழும் அளவு இப்படித்தான் நழுவும், பிடித்து நிறுத்த ஆள் இல்லாததால். பவுனும் அப்படியே. ஆங்கிலேயரின் தங்க நாணயம் 7.988 கிராம், நாம் 8 என்கிறோம்.

செந்தூல் பேத்தி:
எனக்கு இது வெறும் கணக்கு இல்லை. என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். எந்தத் தோட்டம் என்று இங்கே சொல்ல வேண்டாம். வாளியை எடை போட்ட பிறகு கிராணி (தோட்டத்துக் கணக்கர்) பாலில் மெட்ரோலாக்கைப் போடுவார், மிதக்கும் கருவி. ரப்பர் தண்ணீரைவிட லேசு, அதனால் கெட்டிப் பாலில் அது ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்த பாலில் மேலேயே நிற்கும். அந்த எண்ணை வைத்துத்தான் காய்ந்த ரப்பர் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பது முடிவாகும். மேலே நுரை இருந்தால் கோடு சரியாகத் தெரியாது. "குனிந்து பார்க்க விடமாட்டான், அவன் எழுதுனதுதான் எண்ணு" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மீன்கடை மகள்:
அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உங்கள் பாட்டியை ஏமாற்றியது கட்டியா? சட்டப்படியான ராத்தல், சட்டப்படியான கருவி. எண்ணைப் பார்க்க விடாததுதான் அங்கே குற்றம். டாச்சிங்கில் பாட்டிகள் கூடவே எண்ணினார்கள் என்று நான் சொன்னதும் அதைத்தான்.

செந்தூல் பேத்தி:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டி குனிந்து பார்த்திருந்தாலும் அந்தக் கோடு சரியானது என்று யார் சொல்வது? கிராணிக்கு மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர் வேண்டும். அதற்குத்தான் நாட்டுக்கு ஒரு நிறுவனம்.

அளவுக்காரன்:
அந்த "மேலே ஒருவர்" வர நமக்கு நாள் பிடித்தது. டில்லியில் இந்தியாவின் அளவுகளைக் காக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு 1947-லேயே அடிக்கல் நட்டார்கள். முதல் இயக்குநர் கே. எஸ். கிருஷ்ணன், வத்திராயிருப்புத் தமிழர். இங்கே சிரிம் என்ற தர நிர்ணய, ஆய்வு நிறுவனம் உருவானது 1975-இல், இரண்டு நிறுவனங்களை இணைத்து. நாடுகள் அளவுகளை ஒன்றுபோல் வைத்துக்கொள்ளச் செய்த மீட்டர் உடன்படிக்கையில் மலேசியா சேர்ந்தது 2001-இல். தேசிய அளவை முறைச் சட்டம் 2007-இல். இன்று சிப்பாங்கில் தேசிய அளவியல் கழகம் இருக்கிறது. நாட்டின் நேரத்தைக் காக்கும் சீசியம் அணுக் கடிகாரங்களும் அங்கேதான்.

எங்கள் அறையில் ஒரு கிலோ எடைக்கல் வெல்வெட் பெட்டியில் இருக்கும். வெறும் கையால் தொட மாட்டோம், விரல் ரேகையின் எண்ணெய்கூட எடைதான். அறைச் சூட்டுக்கு அது வரும்வரை காத்திருந்துதான் வேலையைத் தொடங்குவோம். எஃப்1 என்ற அதிகத் துல்லியமான வகைக் கல்லில் 5 மில்லிகிராம்வரை பிழை இருக்கலாம், அதற்குக் கீழான எம்1 வகையில் 50. கீழே இருக்கும் கல்லுக்கு மேலே இருக்கும் கல் சாட்சி. எல்லாவற்றுக்கும் உச்சியில் 1889 முதல் பாரிஸ் பக்கத்தில் ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளை இருந்தது. அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே நூறு வருடத்தில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் வந்துவிட்டது. 2019 மே 20 முதல் கிலோவுக்கு உருளையே கிடையாது, இயற்கையில் மாறாத எண்ணான பிளாங்க் மாறிலியை வைத்துத்தான் கணக்கு. யாருடைய பெட்டியிலும் பூட்டி வைக்க முடியாத அளவு. தங்கச்சி, கட்டிக்கு இப்படி ஒரு சாட்சி வரிசை இல்லை. கிலோ வழியாகத்தான் அதற்கும் நியாயம் கிடைக்கும்.

பட்டர்வொர்த்துக்காரன்:
சரி, சந்தைக்கு வருவோம். கடைத் தராசை வருடா வருடம் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும். எத்தனை பேர் அந்த ஒட்டுச்சீட்டைப் பார்த்து வாங்குகிறோம்? நான் நேற்று பார்க்கவில்லை.

மீன்கடை மகள்:
இதைப் படித்துவிட்டு எங்கள் கடைத் தராசின் பக்கவாட்டைத் துடைத்துப் பார்த்தேன். செதிலும் உப்பும் படிந்து ஒட்டுச்சீட்டில் வருடமே தெரியவில்லை. நகத்தால் சுரண்டியதில் போன வருடத்தது என்று தெரிந்தது. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை கொண்டுபோகிறோம். அப்புறம் அண்ணே, பலகையில் கட்டி விலைக்குப் பக்கத்திலேயே அதே பெரிய எழுத்தில் கிலோ விலையும் எழுதப்போகிறேன். ஆனால் கட்டியை அழிக்கமாட்டேன்.