பழைய ரீலோடிங் பிரஸ்: யார் செய்தது, என்ன விலை சொல்லலாம்?

கேள்வி:
வணக்கம். இங்கே அமெரிக்காவில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா போன மாதம் காலமானார். அவருடைய தோட்டா நிரப்பும் பிரஸ்ஸை விற்றுத் தரும்படி பாட்டி கேட்கிறார். சிறிய வார்ப்பிரும்பு பிரஸ், சுழலும் தலையில் நான்கு துளைகள். பெயின்ட் தடிமனாக அப்பியிருப்பதால் எழுத்து தெரியவில்லை. நண்பரின் டையைப் (பிரஸ்ஸில் திருகி மாட்டும் தோட்டா அச்சு) பொருத்திப் பார்த்தேன், துளைக்குள் நுழையவே இல்லை. மரை கெட்டுவிட்டதா? ஒருவர் 20 டாலர் தருகிறேன் என்கிறார். பாட்டி ஏமாறக் கூடாது. பெயின்டைச் சுரண்டிப் பார்க்கலாமா?

பதில்:
சுரண்டவே சுரண்டாதீர்கள் தம்பி. கம்பி பிரஷ் பட்டால் சேகரிப்பவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மெல்லிய காகிதத்தை மேலே வைத்து பென்சிலால் தேயுங்கள், வார்ப்பிலேயே எழுத்து இருந்தால் தெரியும். அப்புறம் துளையை அளந்து சொல்லுங்கள். இன்றைய டைகள் பெரும்பாலும் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை.

கேட்டவர்:
பென்சிலில் 'லைமன்' என்ற நிறுவனப் பெயர் வந்தது! துளை 5/8 அங்குலம்தான், மரை மிக நெருக்கம். கூடவே 'ஐடியல்' என்று அச்சிட்ட பெட்டி ஒன்றும் கிடைத்தது. அப்படியானால் 1925க்கு முந்தையதா?

பதில்:
மரையில் பழுதில்லை. 5/8 அங்குலம், 30 மரை என்பது லைமனின் '310' என்ற, கையில் பிடித்துத் தோட்டா நிரப்பும் கருவியின் டைகளுக்கான அளவு. நான்கு துளைத் தலையும் சேர்வதால் இது லைமனின் ட்ரூ-லைன் ஜூனியர் மாடல். அந்தப் பழைய டைகள் பெட்டியில் இருந்தால் பிரஸ்ஸோடு சேர்த்தே விற்கவும். டை இல்லாமல் வாங்குபவர் தனியாகத் தேடி அலைய வேண்டும்.

'ஐடியல்' பலரை ஏமாற்றும். லைமன் 1925இல் ஐடியல் நிறுவனத்தை வாங்கிய பிறகும் பெயரைத் தொடர்ந்து போட்டது. பெட்டியில் மிடில்ஃபீல்ட், கனெக்டிகட் முகவரிக்குப் பின்னால் ஐந்து இலக்க ஜிப் எண் (அமெரிக்க அஞ்சல் குறியீடு) உண்டா? அது 1963இல்தான் வந்தது. இருந்தால் பெட்டி அதற்குப் பிந்தையது. இல்லாவிட்டால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இன்னொருவர் பதில்:
ஸ்டார், ஹாலிவுட் என்ற பிராண்டு பிரஸ்களுக்கு இருக்கும் மவுசு இதற்கு இருக்காது. ஆனாலும் 20க்கு அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். ஏலத் தளங்களில் கேட்கும் விலையை விடுங்கள், விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். டையோடு போனது, டை இல்லாமல் போனது என்று பிரித்துப் பார்த்தால் பாட்டிக்கு நியாயமான விலை தெரிந்துவிடும்.

தாத்தா நிரப்பி வைத்த தோட்டாக்கள் இருந்தால் அவற்றை விற்கவும் வேண்டாம், யாரும் சுடவும் வேண்டாம். உள்ளே எவ்வளவு வெடிமருந்து என்பது அவருக்கு மட்டுமே தெரியும். உள்ளூர் போலீஸை அழைத்து, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

கேட்டவர்:
ஜிப் எண் இல்லை. டைகள் மூன்று கிடைத்தன, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியபடி. பாட்டியிடம் இப்போதே சொல்கிறேன். நன்றி அண்ணா.