சீசனுக்கு வரும் ஆச்சி: உங்கள் குற்றால அனுபவத்தைப் பகிருங்கள்

தென்காசிப் பேத்தி:
ஆனியில் முதல் சாரல் விழுந்ததும் கோவில்பட்டியிலிருந்து ஆச்சி போன் போட்டுவிடுவாள். "ஏட்டி, தண்ணி விழுதா?" விழுகிறது என்றால் மறுநாளே கடலை மிட்டாய்ப் பையோடு வாசலில் நிற்பாள். கரிசல் காட்டு வெயிலில் கிடந்தவளுக்குச் சாரல் என்றால் உயிர். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். மெயின் அருவி, பெண்கள் பக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆச்சி உள்ளே போய்விட்டாள். கொண்டை அவிழ்ந்து நரைமுடி முகமெல்லாம் ஒட்டிக்கிடக்க, வாய்விட்டுச் சிரிக்கிறாள். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் தோளை இழுத்து என்னவோ சொன்னாள். அந்த இரைச்சலில் ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை, சும்மா தலையாட்டினேன். வெளியே வந்து கேட்டால், "அதான் சொன்னேம்லா" என்று துண்டை உதறிக்கொண்டு நடந்துவிட்டாள். என்ன சொன்னாள் என்று இன்றைக்கும் மனசு அரிக்கிறது.

கடையநல்லூர் வாசகர்:
ஆச்சிமாருக்கு மெயின் அருவி சரிப்படாதுங்க, ஐந்தருவிதான். எங்கள் அம்மாச்சி தெருப்பிள்ளைகள் எல்லாரையும் வேனில் ஏற்றிக்கொண்டு அங்கேதான் போவாள். ஒரு தடவை புளியோதரைத் தூக்குவாளியைக் குரங்கு தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நாங்கள் அழாத குறை. அம்மாச்சி கீழே நின்று, "மூடியத் திருகாத, மேல தூக்கு!" என்று அதற்குத் திறக்கச் சொல்லிக்கொடுக்கிறாள்! அது திறந்து தின்றுவிட்டு வாளியைக் கீழே போட்டது. அன்று மத்தியானம் எல்லாருக்கும் பார்டர் புரோட்டா. மாமாவிடம் காசு வாங்கித் தந்தவளும் அவள்தான்.

செங்கோட்டை மருமகள்:
மெயின் அருவி சரிப்படாது என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். தண்ணீர் மேலே பொங்குமாங்கடல் என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் குறைந்துதான் கீழே வருகிறது. தண்ணீர் அளவாக விழுகிற நாளில் வயசானவர்கள் ஓரத்தில் தாராளமாக நிற்கலாம். என் மாமியாரின் அம்மா அப்படித்தான் நின்றார்கள், பக்கத்தில் பயந்து நின்ற யாரோ ஒரு சின்னப் பெண்ணையும் கைபிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

ஆனால் கூட்டிப்போகிறவர்கள் சிலதைக் கவனிக்க வேண்டும். விடிகாலையிலேயே போய்விடுங்கள், சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். மலையில் கருமேகம் கட்டினாலோ, தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினாலோ போலீஸ் விசில் ஊதும்வரை காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு பையனைக் கொண்டுபோனதை மறக்க முடியுமா? உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டிருக்கிறது, எண்ணெயும் சோப்பும் அருவியில் கூடாது. பழைய வழக்கத்தில் ஆச்சி எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பினால் வீட்டிலேயே தேய்த்துக் குளிக்கச் சொல்லுங்கள். பாறையில் வழுக்கும், செருப்பில்லாமல் ஒருவர் கூடவே நடக்கணும். குளித்து வந்ததும் தலையை நன்றாகத் துவட்டிச் சுக்குக் காபி கொடுங்கள். கூட்டம் ஆகாதென்றால் புலியருவி இருக்கிறது.

கடையநல்லூர் வாசகர்:
அளவாக விழுகிற நாளில் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே அக்கா. சீசன் நேரத்தில் அளவாக விழுகிற நாள் எத்தனை?

பாளையங்கோட்டைப் பேரன்:
சண்டையை விடுங்கப்பா. குளிக்கத் தடை போட்ட நாளில் போய் மாட்டிய கதை என்னுடையது. ஆச்சி முகம் வாடிப்போகும் என்று பயந்தேன். தூரத்தில் நின்று வெள்ளத்தைப் பார்த்தவள், "குத்தாலநாதர் இன்னிக்கு அவரு மட்டும் குளிக்காரு போல" என்று சொல்லிவிட்டு எங்களைச் சித்திரசபைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நடராசர் ஆடிய ஐந்து சபைகளில் இது ஒன்று. மற்ற நாலு சபைகளில் அவர் சிலையாக இருப்பார், இங்கே சுவரில் ஓவியம். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் சுவரைச் சுற்றிவந்து ஒவ்வொரு சித்திரத்துக்கும் நின்று கதை சொன்னாள். வேறு ஊர்க்காரக் குடும்பம் ஒன்றும் கூடவே நடந்து கேட்டது. அவர்கள் கைக்குழந்தை ஆச்சியின் இடுப்புக்கு எப்போது மாறியது என்று தெரியவில்லை. கிளம்பும்போது மங்குஸ்தான் வாங்கி, பாதியை அவர்கள் பையில் போட்டுவிட்டாள்.

இப்போது வயது 82. இந்த வருஷமும் தண்ணி விழுதா என்று கேட்டு இரண்டு தடவை போன் வந்துவிட்டது. முட்டிவலி இருக்கிறது. புலியருவியில் படி இறங்குவது எப்படி, போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கோட்டை மருமகள்:
வியாழக்கிழமை நாங்கள் போகிறோம். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி.