பெங்களூர்ல கிழக்கு பாத்த பால்கனி, அஞ்சே அஞ்சு தொட்டி: மல்லியா, கனகாம்பரமா, கீரையா?

அல்சூர்_மூணாவது_மாடி:

எல்லாருக்கும் வணக்கம். அல்சூர்ல வாடகை வீடு, மூணாவது மாடி. பால்கனி கிழக்கு பாத்தது, காலைல ஏழு மணிக்கு வெயில் வந்தா பதினொண்ணு வரைக்கும் நிக்கும், அப்புறம் சூரியன் பில்டிங்குக்கு அந்தப்பக்கம் போயிடும், வெறும் வெளிச்சம்தான். ஹவுஸ் ஓனர் செடி வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாரு, ஆனா அஞ்சு தொட்டிக்கு மேல கூடாது, கீழ் வீட்டு துணி மேல தண்ணி சொட்டக்கூடாதுன்னு கண்டிஷன்.

இப்ப பிரச்சனை என்னன்னா வீட்ல ஆளுக்கொரு ஆசை. அம்மாவுக்கு ஊர் நிலக்கோட்டை பக்கம், மல்லி இல்லாம என்னடா தோட்டம்ங்கிறாங்க. மனைவிக்கு கறிவேப்பிலையும் ஏதாவது கீரையும் வேணும். மச்சான் ஸ்னேக் பிளான்ட் வைங்க மாமா, காத்தை சுத்தம் பண்ணும்ங்கிறான். எனக்கு செவந்தி ரொம்ப பிடிக்கும், ஆனா எங்க பால்கனிக்கு நேரா தெரு லைட் இருக்கு, ராத்திரி பூரா பளிச்சுன்னு அடிக்கும், அது பரவாயில்லையான்னு தெரியல. பொண்ணுக்கு ரெண்டு வயசு, கைல கிடைக்கிறதை எல்லாம் வாய்ல வெப்பா, அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க. லால்பாக் குடியரசு தின ஷோ கூட்டம் குறைஞ்சதும் போய் வாங்கலாம்னு இருக்கேன். உங்க அஞ்சு செடி எது, ஏன்?

கனகாம்பரம்_அக்கா:

தம்பி, நாலு மணி நேர வெயிலுக்கு கண்ணை மூடிட்டு நான் சொல்றது கனகாம்பரம். மல்லியை எனக்கு பிடிக்காம இல்ல, ஆனா குண்டுமல்லிக்கு நல்லா அஞ்சாறு மணி நேர நேரடி வெயில் வேணும், இல்லைன்னா கொடி மட்டும் நீளமா ஓடும், இலை பச்சைப்பசேல்னு இருக்கும், மொட்டு வராது. அதுவும் பெங்களூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்துல இருக்கு, நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் குளிர்ல மல்லி சும்மாதான் நிக்கும். கனகாம்பரம் அப்படி இல்ல, பாதி நிழல்லயும் பூக்கும், கதிர்ல கீழ இருந்து மேல வரிசையா பூத்துக்கிட்டே போகும், ஒரு கதிர் முடியறதுக்குள்ள அடுத்தது ரெடியா இருக்கும். வாசனை இல்லைதான், ஆனா காலைல கட்டி வெச்ச சரம் சாயங்காலம் வரைக்கும் வாடாது, தலைல வெச்சாலும் சாமிக்கு போட்டாலும்.

வாங்கறப்ப டெல்லி கனகாம்பரம்னு கேட்டு வாங்கு. நல்ல அடர் ஆரஞ்சு, பூ பெருசு. அது மும்மடியம், அதாவது டிரிப்ளாய்ட், சாதா செடில ரெண்டு செட்டா இருக்கிற குரோமோசோம் இதுல மூணு செட், அதனால விதை பிடிக்காது, குச்சி வெச்சுதான் வளர்க்கணும். விதை பிடிக்கற சாதா ரகம் வெச்சா இன்னொரு சந்தோஷம் இருக்கு, காஞ்ச கதிர்ல ஒரு சொட்டு தண்ணி பட்டா போதும், டப்புன்னு வெடிச்சு விதை தெறிக்கும், உன் பொண்ணு அதை பாத்துக்கிட்டே இருப்பா. ஒரே எதிரி வேர் முடிச்சு நூற்புழு, மண்ணுக்குள்ள இருந்து வேரை தாக்கற கண்ணுக்கு தெரியாத புழு. இலை வெளுத்து செடி குட்டையா நின்னுட்டா வேரை பாரு, முடிச்சு முடிச்சா இருக்கும். அதே தொட்டில ஓரமா ஒரு செண்டுமல்லி நட்டு வெச்சா நூற்புழு குறையும்.

அப்புறம் நந்தியாவட்டை, வருஷம் பூரா பூக்கும், பூஜைக்கு ஆச்சு. செம்பருத்தி மட்டும் பால்கனில வேணாம்னு சொல்லுவேன், மாவுப்பூச்சி வந்துச்சுன்னா பக்கத்துல இருக்கிற எல்லா செடிக்கும் ஏறிடும்.

மல்லி_விடமாட்டேன்:

அக்கா மேல மரியாதை உண்டு ஆனா இதுல நான் ஒத்துக்க மாட்டேன். அம்மா நிலக்கோட்டைங்கிறாங்க, அவங்க கிட்ட போய் மல்லிக்கு பதிலா கனகாம்பரம்னு சொன்னா எப்படி இருக்கும்? ராத்திரி எட்டு மணிக்கு மொட்டு விரியறப்ப பால்கனி கதவை திறந்து வெச்சா ஹால் பூரா மணக்குமே, அதுக்கு ஈடா எந்த செடி இருக்கு சொல்லுங்க.

வெயில் கம்மிதான், அதுக்கு வழி இருக்கு. இருக்கிறதுலயே வெயில் முதல்ல வந்து கடைசியா போற மூலையை மல்லிக்கு குடுங்க, ஆனா கைப்பிடி சுவர் மேல வைக்காதீங்க, ஏப்ரல் மே மாச கோடை மழைக்கு முன்னாடி அடிக்கிற காத்துல தொட்டியே கீழ போயிடும். உள்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உயரத்துல வைங்க. அடுத்தது கவாத்து, இதுதான் முக்கியம். மல்லி புது தளிர்லதான் பூக்கும். வழக்கமா நவம்பர் கடைசி வாரம் தரைல இருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிட்டு, இருக்கிற இலையையும் உருவிட்டு, மண்ணை கிளறி தொழு உரமோ மண்புழு உரமோ போட்டா மார்ச்ல மொட்டு கட்டும். பாவம்னு வெட்டாம விட்டவங்கதான் பூக்கலைன்னு சொல்றாங்க. மொட்டு ஊதா கலராகி சுருங்குச்சுன்னா உள்ள பூச்சி இருக்குன்னு அர்த்தம், கிள்ளி தூர போடுங்க, தொட்டிலயே விடாதீங்க.

நாலு மணி நேர வெயில்ல கூடை கூடையா வராது, அது நிஜம். ஒரு முழம் கட்டற அளவு தினமும் வராது. ஆனா வர பத்து மொட்டு அம்மா கையால பறிச்சதா இருக்கும். வரமகாலட்சுமி பண்டிகை சமயத்துல கே.ஆர். மார்க்கெட்ல பூ விலை கேட்டீங்கன்னா அந்த பத்து மொட்டோட அருமை தெரியும்.

இடம் இருந்தா கூடவே பிச்சி ஒண்ணு. குண்டுமல்லி ஓயற சமயம் அது ஆரம்பிக்கும், ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும். அதுக்கு கவாத்து டிசம்பர் கடைசில.

ஹெசரகட்டா_ரோடு:

ப்ரோ, நான் சமையல் கட்சி. அஞ்சு தொட்டில குறைஞ்சது மூணு சாப்பிடற செடியா இருக்கணும். முதல்ல உங்க மனைவி கேட்ட கீரை. ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கொண்டு வந்த அர்கா சுகுணான்னு ஒரு கீரை ரகம் இருக்கு, வெட்ட வெட்ட திரும்ப துளிர்க்கும், வேரோட பிடுங்க வேண்டாம். கீரைக்கு ஆழம் வேணாம், ஆறேழு இஞ்ச் ஆழம் போதும், அகலமா ஒரு டப் எடுங்க. நாலு மணி நேர வெயில்ல தக்காளி வெண்டைக்கா எல்லாம் ஆசைப்படாதீங்க, பூ வரும் காய் நிக்காது. அதுக்கெல்லாம் மொட்டை மாடி வேணும்.

கறிவேப்பிலை வைங்க, ஆனா இந்த ஊர் குளிர்ல டிசம்பர் ஜனவரில இலை மஞ்சளாகி கொட்டும், வளர்ச்சி நின்ன மாதிரி இருக்கும். நிறைய பேர் பயந்து போய் அப்பதான் உரமும் தண்ணியும் அள்ளி கொட்டுவாங்க, வேர் அழுகி போயிடும். சும்மா விடுங்க, பிப்ரவரி கடைசில தானா துளிர் விடும். அந்த துளிர் நுனியை கிள்ளி சமையலுக்கு எடுத்தாத்தான் பக்கக்கிளை வந்து புதர் மாதிரி ஆகும், கீழ் இலையா பறிச்சா ஒத்தை குச்சியா மேல போயிடும். இலை மேல பறவை எச்சம் மாதிரி கருப்பு வெள்ளையா ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்தா தொடைக்கறதுக்கு முன்னாடி நல்லா உத்து பாருங்க, அது பட்டாம்பூச்சி புழுவா இருக்கும், கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாயிடும். ஒண்ணு ரெண்டு இருந்தா நான் விட்டுடுவேன், பொண்ணுக்கு காட்டுங்க. சின்ன செடில அஞ்சாறு இருந்தா மட்டும் எடுத்துடணும், ரெண்டு நாள்ல மொட்டையாக்கிடும்.

கற்பூரவல்லி ஒரு கிளை யார் வீட்லயாவது கேட்டு வாங்கி நடுங்க, காசு குடுத்து வாங்காதீங்க. இங்க தொட்டபத்ரெம்பாங்க, தயிர்ல அரைச்சு தம்புளி பண்ணுவாங்க, பஜ்ஜியும் போடலாம். வெயில் பத்தி கவலையே இல்ல.

மண்ணு விஷயம்: முழுக்க செம்மண் போட்டா 15 இஞ்ச் தொட்டி நனைஞ்சா 40 கிலோவை தாண்டும், வாடகை வீட்டு பால்கனில அது வேணாம். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார் தூள்), மண்புழு உரம் சமமா கலந்துக்கோங்க. கோகோபீட்டை ரெண்டு தடவை தண்ணில ஊற வெச்சு பிழிஞ்சு உப்பு போன அப்புறம் போடுங்க. தொட்டிக்கு கீழ தட்டு வைங்க, கீழ் வீட்டுக்கு சொட்டாது, ஆனா தட்டுல நிக்கற தண்ணியை அன்னன்னைக்கு கொட்டிடுங்க, டெங்கு கொசு அதுலதான் முட்டை வைக்கும்.

பவளமல்லி_77:

செவந்தி கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. தெரு லைட் நேரா அடிச்சா செவந்தி வேணாங்க. அது நீளமான ராத்திரி கிடைச்சாதான் மொட்டு வைக்கிற செடி, ராத்திரி பூரா வெளிச்சம் பட்டா இன்னும் பகல்னு இருந்துட்டு இலையா விட்டுக்கிட்டே போகும். பூக்கடைக்கு வளர்க்கறவங்களே பூக்கறதை தள்ளி போடணும்னா ராத்திரி பல்பு போடறது இதனாலதான். நீங்க பூத்த செடியா வாங்கிட்டு வருவீங்க, அந்த பூ முடிஞ்சதும் அடுத்த பூவுக்கு காத்துக்கிட்டே இருக்கணும். மல்லிக்கு இந்த லைட் தொந்தரவு இல்ல.

மச்சான் சொன்னதுக்கு வரேன். காத்து சுத்தம்ங்கிறது நாசா 1989ல பண்ண சோதனைல இருந்து வந்தது, ஆனா அது மூடின சின்ன பெட்டிக்குள்ள பண்ணது. 2019ல அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருவர் அந்த மாதிரி சோதனை எல்லாத்தையும் எடுத்து கணக்கு போட்டு பாத்தாங்க, ஜன்னல் திறந்தா கிடைக்கற பலன் செடில இருந்து வரணும்னா ஒரு சதுர மீட்டருக்கு பத்துல இருந்து ஆயிரம் செடி வரைக்கும் வைக்கணும்னு வந்துச்சு. ஸ்னேக் பிளான்ட் அழகா இருக்குன்னு வைங்க, இருட்டு மூலைலயும் பிழைக்கும், ரொம்ப நல்ல செடி. காத்துக்காகன்னு ஒரு தொட்டியை செலவு பண்ணாதீங்க.

ரெண்டு வயசு குழந்தைன்னு சொன்னதால இதை அழுத்தி சொல்றேன். அரளி வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத்தை பாதிக்கும். டிஃபன்பேக்கியான்னு பெரிய இலைல வெள்ளை புள்ளி போட்டு விப்பாங்க, கடிச்சா நாக்கு வாய் எல்லாம் வீங்கிடும். மணி பிளான்ட்டும் அந்த வகைதான், வெச்சா எட்டாத உயரத்துல தொங்க விடுங்க. ஸ்னேக் பிளான்ட் தின்னாலும் வாந்தி வரும். மல்லி, கறிவேப்பிலை, கீரை, கற்பூரவல்லி பக்கம் பயம் இல்ல.

கனகாம்பரம்_அக்கா:

மல்லி_விடமாட்டேன், அம்மாவுக்காகன்னு நீ சொன்னதுல நான் இறங்கி வரேன். அந்த வீட்டுக்கு மல்லி ஒண்ணு இருக்கட்டும். ஆனா பிச்சியும் வேணும்னு சொல்றியே அது அநியாயம், அஞ்சுல ரெண்டு தொட்டி வெயிலுக்கு அடிச்சுக்கிட்டு நிக்கும், இருக்கிறதே நாலு மணி நேரம். ரெண்டாவது பூச்செடி நிழல் தாங்கறதா இருக்கணும். மல்லியும் கனகாம்பரமும் சேத்து கட்டினாத்தானே கதம்பமே.

மல்லி_விடமாட்டேன்:

சரி அக்கா, பிச்சியை விட்டுடறேன். குண்டுமல்லி வந்துச்சுல்ல, அது போதும்.

அல்சூர்_மூணாவது_மாடி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், வீட்ல உக்காந்து சத்தமா படிச்சு காட்டினேன், அம்மா கவாத்து விஷயத்துல கரெக்ட்டா சொல்றாங்கன்னு சந்தோஷப்பட்டாங்க. முடிவு பண்ணது: வெயில் மூலைல குண்டுமல்லி, அடுத்து கறிவேப்பிலை, டப்ல கீரை, உள்பக்கம் டெல்லி கனகாம்பரமும் கற்பூரவல்லியும். செவந்தியை வேற வீட்டுக்கு போறப்ப பாத்துக்கறேன். ஸ்னேக் பிளான்ட் இப்போதைக்கு இல்ல, மச்சான்கிட்ட சொல்லிட்டேன்.

ரெண்டு கேள்வி மட்டும். தண்ணி, 2024 மார்ச்ல குடிதண்ணியை தோட்டத்துக்கு ஊத்தினா 5000 ரூபாய் அபராதம்னு போட்டாங்களே, அந்த மாதிரி கோடை திரும்ப வந்தா எப்படி சமாளிக்கறது? ஆர்.ஓ. மெஷின்ல வெளிய போற தண்ணியை ஊத்தலாமா? அப்புறம் இப்ப ஜனவரி கடைசி, மல்லி வாங்கினா உடனே வெட்டணுமா, நர்சரில எதை பாத்து எடுக்கணும்?

ஹெசரகட்டா_ரோடு:

ஆர்.ஓ. கழிவு தண்ணில உப்பு அதிகம் ப்ரோ, தினமும் ஊத்தினா தொட்டி ஓரத்துல வெள்ளையா படியும், இலை நுனி கருகும். வீடு தொடைக்க வெச்சுக்கோங்க. அஞ்சு தொட்டிக்கு அரிசி பருப்பு காய் கழுவற தண்ணியே போதும், உப்பு போட்ட தண்ணி மட்டும் வேணாம். மண்ணு மேல காஞ்ச இலையோ தேங்காய் நாரோ ரெண்டு இஞ்ச் மூடி விடுங்க, ஏப்ரல்ல கூட ஈரம் சீக்கிரம் போகாது. விரலை ஒரு இஞ்ச் விட்டு பாத்து காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.

மல்லி_விடமாட்டேன்:

லால்பாக் உள்ள இருக்கிற நர்சரி கூட்டுறவு சங்கத்துலயும் பாருங்க, வெளிய சித்தாபுரா பக்கம் வரிசையா நர்சரி இருக்கு அங்கயும் பாருங்க, முதல் கடைலயே எடுக்காதீங்க. பூவோட இருக்கிற செடியை விட, அடில இருந்து ரெண்டு மூணு தண்டு கிளம்பியிருக்கிற செடியா எடுங்க. இலையை திருப்பி பாருங்க, வலை மாதிரியோ வெள்ளை பொடி மாதிரியோ இருந்தா வேணாம். கவரோட அடில வேர் சுத்தி சுத்தி வெளிய வந்திருந்தாலும் வேணாம்.

வந்ததும் தொட்டி மாத்தாதீங்க, ஒரு வாரம் அப்படியே பால்கனில பழகட்டும். அப்புறம் 12 இஞ்ச் தொட்டிக்கு மாத்தி, புது இலை எட்டி பாத்ததும் நுனியை மட்டும் கால் பாகம் வெட்டுங்க. பெரிய கவாத்து வர நவம்பர்ல, அதை அம்மாவையே பண்ண சொல்லுங்க.