பழைய லென்ஸ், புது பாடி: மூக்குத்தியில் எரிந்த புள்ளி

அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது நிக்கானின், கையால் ஃபோகஸ் செய்யும் நிக்கார் 105 எம்.எம். எஃப்/2.5 ஏஐ-எஸ் லென்ஸ் மட்டும்தான். அதற்கான கேமரா எப்போதோ கைமாறிவிட்டது. என்னிடம் இருந்தது நிக்கானின் எஃப்80, 2000-இல் வந்த ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா). 1959-இல் நிக்கான் கொண்டுவந்த அதே எஃப் மவுண்டுதான் (லென்ஸைப் பாடியில் மாட்டும் வளையம்) இதிலும் இருப்பதால் லென்ஸ் 'டக்'கென்று உட்கார்ந்துவிட்டது. ஆனால் ஷட்டர் விழவில்லை. எம் (மேனுவல்) மோடுக்கு மாற்றியதும் விழுந்தது. மீட்டர் மட்டும் கடைசிவரை வேலை செய்யவில்லை. லென்ஸில் சிப் இல்லையென்றால் எஃப்80 ஒளியை அளக்காது. நிக்கானின் எஃப்100, எஃப்90எக்ஸ், எஃப்4 பாடிகள் மூன்றும் இதே லென்ஸில் அளக்கும். நான் போனில் ஒரு மீட்டர் ஆப் போட்டுக்கொண்டேன். சரி, அது பெரிய விஷயமில்லை.

ஃபோகஸ்தான் படுத்தியது. காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்தில் எச்பி5 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் ஒரு ரோல் எடுத்தேன். கழுவிப் பார்த்தால் பாதிக்குமேல் காது தெளிவு, கண் மங்கல். 2 மீட்டர் தூரத்தில் இந்த லென்ஸை முழுக்க, அதாவது எஃப்/2.5-க்கு, திறந்தால் தெளிவாக விழுவது மொத்தமே சுமார் 5 செ.மீ. வியூஃபைண்டரில் எல்லாம் தெளிவாகத்தானே தெரிந்தது என்று குழம்பினேன். அங்கேதான் விஷயம். ஆட்டோஃபோகஸ் கேமராவின் திரை, வெளிச்சம் குறைந்த ஸூம் லென்ஸிலும் பளிச்சென்று தெரிவதற்காகச் செய்தது. எஃப்/2.5-இல் மங்கலாகத் தெரிய வேண்டியதைக்கூட அது தெளிவுபோலக் காட்டிவிடும். பழைய கேமராக்களில் நடுவில் இருக்குமே, இரண்டாகப் பிளந்து சேரும் வட்டம், அதுவும் இதில் கிடையாது.

அடுத்த ரோலில் கண்ணை விட்டுவிட்டு, ஃபோகஸ் சரியாக விழுந்தால் வியூஃபைண்டரின் கீழே எரியும் புள்ளியை நம்பினேன். எஃப்/5.6 அல்லது அதைவிட வெளிச்சமான (எண் குறைந்த) லென்ஸ் என்றால் கையால் திருப்பும்போதும் அது எரியும். ஒரு பாட்டி சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தில் வைத்தால் புள்ளி தடுமாறியது. மூக்குத்தியில் வைத்ததும் நின்று எரிந்தது. வளையத்தை இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் அணையவில்லை. எரிய ஆரம்பிக்கிற இடத்தையும் அணைகிற இடத்தையும் விரலால் பிடித்து, நடுவுக்குத் திரும்பி வந்தேன். "இன்னா தம்பி, எட்த்தியா இல்லியா?" என்றார். எடுத்துவிட்டேன். அவர் இமையில் ஒட்டியிருந்த ஒரு மீன் செதில்கூட அந்தப் படத்தில் தெரிகிறது.

* * *

அண்ணா, உங்கள் நிக்கான் கதையைப் படித்தேன். என் கதை கேனான். 1987-இல் இஓஎஸ் ஆட்டோஃபோகஸ் கேமராக்கள் வந்தபோது கேனான் மவுண்டையே மாற்றிவிட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமாவின் பழைய கேனான் எஃப்டி மவுண்ட் 50 எம்.எம். லென்ஸுக்கு ஒரு அடாப்டர் வாங்கி என் இஓஎஸ் பாடியில் மாட்டினேன். மெரினாவில் நின்று கலங்கரை விளக்கத்தை எடுத்தால், வளையத்தைக் கடைசிவரை திருப்பியும் மங்கல்தான். எஃப்டி லென்ஸ் ஃபிலிமிலிருந்து 42 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். இஓஎஸ் மவுண்டே 44 மி.மீ. தள்ளித்தான் இருக்கிறது, அதற்குமேல் அடாப்டரின் தடிமன் வேறு. லென்ஸ் அதிகம் தள்ளிப்போனால் தூரத்தில் இருப்பது தெளிவாகாது. பூவைக் கிட்டத்தில் எடுக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு ரஷ்ய ஹீலியோஸ் 44-2 வாங்கினேன். அதன் எம்42 மவுண்டுக்கு சுமார் 45.5 மி.மீ. என்பதால் நடுவில் மெல்லிய அடாப்டருக்குச் சரியாக இடம் இருக்கிறது. எஃப்/2-இல் திறந்து வைத்து ஃபோகஸ் பார்த்து, அப்புறம் வளையத்தைத் திருப்பி அப்பர்ச்சரை (ஒளி புகும் துளையை) மூட வேண்டும், வியூஃபைண்டர் இருட்டிவிடும். ஆனால் ஏவி மோடில் (அப்பர்ச்சரை நான் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) மீட்டர் அளக்கிறது. நீங்கள் சொல்லும் புள்ளி எனக்கு எரிவதில்லை, என் அடாப்டரில் சிப் இல்லை. பொறாமையாக இருக்கிறது அண்ணா!

* * *

உங்கள் இரண்டு பேரின் கதைகளையும் படித்தேன், நன்றி. நிக்கான்காரர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 1977-இல் ஏஐ (லென்ஸில் வைத்த அப்பர்ச்சரைப் பாடிக்குச் சொல்லும் முறை) வருவதற்கு முந்தைய லென்ஸை என் எஃப்90எக்ஸில் மாட்டிப் பார்த்தேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அழுத்தித் திருப்பினேன். மவுண்டைச் சுற்றி அப்பர்ச்சர் வளையத்தோடு சேர்ந்து நகரும் ஒரு சின்ன நாக்கு இருக்கிறதே, அது முறிந்துவிட்டது. எஃப்4-இல் அந்த நாக்கை மேலே மடக்கிவிடலாம். நாக்கு மடங்காத பாடிகளில் மாட்டுவதற்கு முன் லென்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள்: வளையத்தின் விளிம்பு ஓரிடத்தில் வெட்டித் தாழ்ந்திருந்தால் அது ஏஐ. சுற்றிலும் ஒரே உயரமாக இருந்தால் மாட்டாதீர்கள். உங்கள் அப்பாவின் 105, ஏஐ-க்குப் பின் வந்த ஏஐ-எஸ் என்பதால் உங்களுக்கு அந்தப் பயமில்லை தம்பி.