அபார்ட்மெண்டில் இருந்துகொண்டு வீடு தேடிப் போய் கார் கழுவும் தொழில்: வெள்ளைப் புள்ளி, தண்ணீர்த் தகராறு. வழி சொல்லுங்க

புதுஆத்துக்காரன் (தஞ்சாவூர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் 18 வீடு உள்ள அபார்ட்மெண்ட்ல ரெண்டாவது மாடி, வாடகை வீடு. நாலு வருசம் ஒரு கார் ஷோரூம்ல வாஷிங் பக்கம் வேலை பார்த்தேன். தை மாசம் அதை விட்டுட்டு சொந்தமா இறங்கிட்டேன். பைக்ல பெட்டியைக் கட்டிக்கிட்டு வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் கழுவி, உள்ள வேக்குவம் போட்டு, வேக்ஸ் அடிச்சுக் கொடுக்கிறது. 1800 வாட்ஸ் பிரஷர் வாஷர், வேக்குவம், துணி, ஷாம்புன்னு 31,000 ரூபாய் போட்டாச்சு. இதுவரைக்கும் 14 வண்டி பார்த்திருக்கேன்.

போன வாரம் நாஞ்சிக்கோட்டை ரோட்டுல ஒரு டாக்டர் வீடு. கருப்புக் கார். காலையில பத்தரைக்குப் போறேன், வண்டி வாசல்ல வெயில்ல நிக்குது. அவங்க வீட்டு போர் தண்ணியிலதான் கழுவுனேன். பானட்டுக்கு சோப்பு போட்டுட்டு பின்பக்கம் போறதுக்குள்ள முன்பக்கம் காஞ்சிருது. துடைச்சு சாவியைக் கொடுக்கும்போது பளபளன்னுதான் இருந்துச்சு. சாயங்காலம் போட்டோ அனுப்புறாரு: பானட், மேல்கூரை எல்லாம் வெள்ளை வெள்ளையா வட்டம். 'காசு கொடுத்து காருக்கு அம்மை வாங்கியிருக்கேன்'னு கீழே ஒரு வரி.

அது போகட்டும்னா, அபார்ட்மெண்ட்ல வேற. எங்க பில்டிங்லயே மூணு பேருக்குப் பார்க்கிங்ல வச்சுக் கழுவிக் கொடுத்தேன். லிஃப்ட் பக்கத்துல ஒரு நோட்டீசும் ஒட்டினேன். மறுநாள் வாட்ஸப் குரூப்ல செயலாளர், 'வணிக நோக்கில் பார்க்கிங்கில் வாகனம் கழுவக் கூடாது, பொதுத் தண்ணீர், பொது மின்சாரம் தொடக் கூடாது'ன்னு போட்டுட்டாரு. மொட்டைமாடியில துணி காயப்போட்டாலும் முறைக்கிறாங்க.

இதுல ரெண்டு வீட்டுல மெஷினைப் போட்டதும் டிரிப் ஆச்சு. ஒரு வீட்டுல எக்ஸ்டென்ஷன் பிளக்கே உருகிருச்சு.

பழைய ஆம்னி வேன் ஒண்ணு வாங்கி தண்ணி டேங்க் வச்சுட்டா எல்லாம் தீருமா? கடன் வாங்குடான்னு மச்சான் சொல்றான். பயமாவும் இருக்கு.

திருச்சி_பாலிஷ்

தம்பி, ஆம்னியைக் கொஞ்சம் தள்ளி வை. 200 லிட்டர் டேங்க் வச்சா அது 200 கிலோ. உன் மெஷின் நிமிசத்துக்கு 6 லிட்டர் குடிக்கும், அரைமணி நேரத்துல டேங்க் காலி. அப்புறம் அந்த டேங்க்கை எங்க நிரப்புவே? உங்க அபார்ட்மெண்ட் போர்லதானே? சிக்கல் சக்கரம் மாட்டிக்கிட்டு உன் பின்னாடியே வரும்.

புள்ளிக்கு வா. போர் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைஞ்சு கிடக்கு. தண்ணி ஆவியாயிரும், உப்பு அங்கேயே உட்கார்ந்துக்கும். பத்தரை மணி சித்திரை வெயில்ல கருப்பு பானட் தோசைக்கல்லு. அதுல போய் தண்ணி அடிச்சா வேற என்ன ஆகும்? உள்ளங்கையை பானட்ல வச்சுப் பாரு. வச்ச கையை எடுக்கத் தோணுச்சுன்னா கழுவாதே. காலையில ஆறுல இருந்து எட்டரைக்குள்ள, இல்லேன்னா சாயங்காலம். நிழல் இல்லாத வீட்டுக்குப் பகல்ல போகாதே.

டாக்டர் வண்டியை இன்னும் காப்பாத்தலாம். மளிகைக் கடை வெள்ளை வினிகரும் நல்ல தண்ணியும் சரிபாதி. வண்டி சூடு இல்லாம நிழல்ல நிக்கணும். துணியை அதுல நனைச்சு புள்ளி மேல ஒரு நிமிசம் போர்த்தி வை. தேய்க்காதே, உப்பு தானா இளகும். அப்புறம் நல்ல தண்ணி விட்டு அலசி, உடனே துடைச்சு, திரும்ப வேக்ஸ் போடு. போகாத புள்ளி கிளியர் கோட்டை, அதாவது பெயிண்டுக்கு மேல இருக்கிற பளபளப்புப் பூச்சைக் கடிச்சிருக்குன்னு அர்த்தம், அதுக்கு பாலிஷ்தான். யாராவது டாய்லெட் கழுவுற ஆசிட்டைக் காட்டினா அந்த ஆளோட பேச்சு வார்த்தையையே முறிச்சுக்க.

இனிமே சாதாரணத் தூசி வண்டிக்கு ரின்ஸ்லெஸ் வாஷ், அதாவது தண்ணி விட்டு அலசாம கழுவுறது பழகிக்க. அதுக்கான லிக்விடை பக்கெட்ல கலந்து, துணியை நனைச்சு ஒவ்வொரு பேனலா துடைக்கிறது, கூடவே இன்னொரு துணியால ஈரத்தை எடுக்கிறது. ஒரு காருக்கு 10 லிட்டர் போதும். துணியை எட்டா மடிச்சு, ஒரு பக்கம் அழுக்கானா அடுத்த பக்கம் திருப்பு. அழுக்குப் பக்கத்தோட திரும்ப பெயிண்டைத் தொட்டா வட்டக் கீறல் விழும்.

ஒரு எச்சரிக்கை. வல்லம் பக்கத்துச் செம்மண் தூசிக்கு இது சரி. ஐப்பசி மழையில வயக்காட்டுப் பக்கம் போயிட்டு வந்த வண்டியில களிமண் அப்பியிருக்கும். அதைத் துணியால தொட்டா உப்புத்தாள்ல தேய்ச்ச கணக்கு. அதுக்கு முதல்ல பிரஷர்ல அடிச்சு மண்ணை இறக்கியே ஆகணும்.

கும்மோணம்_காபி

தண்ணிக்கு இவ்வளவு கவலை எதுக்கு? எங்க வீட்டு ஆர்.ஓ. மெஷின் கழிச்சு விடுற தண்ணியைத்தான் நான் காருக்கு ஊத்துறேன். வீணாப் போறதுதானே. பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ரெண்டு சொட்டு. அஞ்சு வருசமா ஒரு புள்ளி இல்லை.

நாகை_உப்புக்காத்து

காபி சார், உங்க கார் என்ன கலர்?

கும்மோணம்_காபி

வெள்ளை.

நாகை_உப்புக்காத்து

அதான் :) 

ஆர்.ஓ. கழிச்சு விடுறது, உள்ள போன தண்ணியோட உப்பையெல்லாம் சேர்த்துக் கட்டின தண்ணி. போர் தண்ணியை விட மோசம். தரை விரிப்பு, டயர் கழுவலாம், பெயிண்டுக்கு ஆகாது. பாத்திர லிக்விடும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கோட சேர்த்து வேக்ஸையும் உரிச்சுக்கிட்டுப் போயிரும்.

புதுஆத்துக்காரரே, தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு அளவைக் காட்டுற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பேனா மாதிரி இருக்கும். முதல்ல அதை வாங்கி எந்தத் தண்ணி என்ன காட்டுதுன்னு பாருங்க. குடிதண்ணிக்கே 500-க்குள்ள இருக்கணும்னு இந்தியத் தர அளவு சொல்லுது. வேற வழியே இல்லேன்னா 2000 வரைக்கும் விடலாமாம். எங்க கடற்கரைப் பக்கம் சில போர்ல அந்த 2000-ஐயும் தாண்டும், அதனால நாங்க இந்த வித்தையை எல்லாம் தலையெழுத்தா கத்துக்கிட்டோம்.

ஒண்ணு சொல்றேன். ஏசியில இருந்து குழாய் வழியா சொட்டுதே, அந்தத் தண்ணியைப் பிடிச்சு மீட்டரை விட்டுப் பாருங்க. அது காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்து சொட்டுறது, உப்பு கிட்டத்தட்ட கிடையாது. நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரி ஓடினா பக்கெட்ல நல்லாவே சேரும். கடைசித் துடைப்புக்கு அதை மிஞ்சின தண்ணி இல்லை. துணியில வடிகட்டி கேன்ல மூடி போட்டு வைங்க. திறந்து வச்சா டெங்கு கொசு குடிவந்துரும்.

லைன்மேன்_மகன்

கரண்ட் மட்டும் நான் சொல்றேன். 1800 வாட்ஸ்னா 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 8 ஆம்பியர். மோட்டார் கிளம்பும்போது இன்னும் கூட இழுக்கும். வாசல்ல இருக்கிற சின்ன பிளக் 6 ஆம்பியருக்குப் போட்டது, உருகாம என்ன செய்யும்? ஏசி, கீசர் மாட்டுற பெரிய பிளக்கைக் கேளுங்க. எக்ஸ்டென்ஷன் 2.5 சதுர மில்லிமீட்டர் மூணு கோர் காப்பர் வயர்ல நீங்களே கட்டிக்குங்க, சுத்தி வச்ச கட்டுலயே ஓட்டாதீங்க, முழுசாப் பிரிச்சு விடுங்க. சுருளுக்குள்ள சூடு ஏறும். கையில எடுத்துட்டுப் போற மாதிரி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்துற சுவிட்ச்) ஒண்ணு பெட்டியில வச்சுக்குங்க. ஈரத்துல நின்னுக்கிட்டு செய்யிற வேலை, இதுல சிக்கனம் வேண்டாம்.

அபார்ட்மெண்ட் பொது மீட்டரைத் தொழிலுக்குத் தொடவே தொடாதீங்க. வேற காரியத்துக்கு எடுத்ததா கணக்குப் போட்டா 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவுல வரும். பில் சங்கத்தின் பேர்லதான் போகும்.

நாலாம்மாடி_செயலாளர் (மயிலாடுதுறை)

தம்பி, நான் எங்கள் குடியிருப்பில் ஆறு வருடமாகச் செயலாளர். அதாவது உங்கள் கதையில் வில்லி. இரண்டு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்.

நீங்கள் கழுவிய நுரைத் தண்ணீர் பார்க்கிங்கில் எங்கே ஓடிப் போய் விழுந்தது?

உங்கள் குடியிருப்பில் தினமும் காலையில் கார்களைத் துடைப்பது யார்?

புதுஆத்துக்காரன்

அம்மா, தண்ணி மூலையில கம்பி மூடி போட்ட தொட்டியில போச்சு. சாக்கடைன்னு நெனைச்சேன்.

துடைக்கிறது வாட்ச்மேன் பெரியவர்தான். ஏழெட்டு வண்டி. வண்டிக்கு மாசம் 400 வாங்குறாருன்னு நெனைக்கிறேன்.

நாலாம்மாடி_செயலாளர் (மயிலாடுதுறை)

நினைத்தேன்.

அது சாக்கடையாக இருக்க வாய்ப்பில்லை. மழைநீர் சேகரிப்புத் தொட்டியாகத்தான் இருக்கும். 2003-இல் இருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அது போர் பக்கத்தில்தான் இறங்கும். 18 வீட்டுக்காரர்கள் குளிக்கிற தண்ணீருக்குள் நீங்கள் ஷாம்பு விட்டிருக்கிறீர்கள். உங்கள் செயலாளர் வாட்ஸப்பில் போட்டதோடு நின்றாரே, நானாக இருந்தால் வீட்டு ஓனருக்கே போன் போட்டிருப்பேன்.

இரண்டாவதுதான் பெரியது. லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினீர்கள். அது வாட்ச்மேன் தலைக்கு மேலே ஒட்டிய நோட்டீஸ். வாங்குகிற சம்பளத்தில் பாதிக்கு அவருக்கு அந்தக் கார்த் துடைப்புதான் ஆதாரம். அவர் யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டார். 'சார், தரையெல்லாம் ஈரமா இருக்கு, வழுக்குது' என்று காலையில் நாலு வீட்டில் சொல்லுவார். அவ்வளவுதான், உங்கள் துணி காய்கிறதுகூட எல்லார் கண்ணையும் உறுத்தும். இதை எந்தச் சங்க விதியிலும் தேடாதீர்கள், கிடைக்காது.

செயலாளரை வீட்டில் போய்ப் பாருங்கள். வாட்ஸப்பில் பதில் போடாதீர்கள். இந்தக் கட்டடத்தில் இனித் தொழில் செய்ய மாட்டேன், சாமான் மட்டும் என் வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். ஏசித் தண்ணீர் யோசனையையும் அவரிடமே கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் அந்தச் சொட்டால் சுவர் பாசி பிடிக்கிறது என்று மாதத்துக்கு ஒரு புகார் வரும். அதற்கு ஒருவர் கேன் வைக்கிறேன் என்றால் நான் காபி கொடுத்து அனுப்புவேன்.

கார் துடைக்கிற துணியை வாஷிங் மெஷினில் வீட்டுத் துணியோடு போடாதீர்கள். பருத்தித் துண்டின் பஞ்செல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். வாசனை லிக்விடும் கூடாது, அப்புறம் துணி தண்ணீரை இழுக்காது. மொட்டைமாடிக் காற்றில் தூசி படியும், வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே காயப்போடுங்கள். இது என் பையன் எனக்குச் சொன்னது, நான் அவன் காருக்கான துணியைப் பாழாக்கிய அன்று.

திருச்சி_பாலிஷ்

அம்மா சொன்னதுக்கு மேல பேச்சில்லை. எனக்கு முதல் வருசம் இதே மாதிரி ஒரு வாட்ச்மேன்கிட்ட ஆச்சு, அப்ப சொல்லித் தர ஆள் இல்லை.

காசு விஷயம். கடன் வாங்குறதா இருந்தா உத்யம்ங்கிற சிறுதொழில் பதிவை முதல்ல முடி. ஆன்லைன்ல இலவசம், காசு கேட்டா அது தரகர். சிறுதொழிலுக்கான முத்ரா கடன் திட்டத்துல சிசு பிரிவு 50,000 வரைக்கும், உனக்கு இப்ப அதுக்கு மேல வேணாம். ஜி.எஸ்.டி. வருசத்துக்கு 20 லட்சம் தாண்டும்போது யோசிச்சுக்கலாம்.

நம்ம ஊர் வருசம் எப்படின்னும் தெரிஞ்சுக்க. ஆயுத பூஜைக்கு முந்தின ரெண்டு நாள் உனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதுக்கு அடுத்த வாரம்தான் உண்மையான வேலை: பானட்ல காஞ்ச சந்தனம், குங்குமக் கறை, மாலை கட்டின கம்பி போட்ட கீறல். அதுக்குன்னு தனி விலை வை. தை, மாசி அறுவடையில ரோட்டுல நெல்லு காயும், வைக்கோல் பறக்கும், சுணை ஏசி ஃபில்டர் வரைக்கும் போய் உட்காரும். உள்பக்கச் சுத்தத்துக்கு அதுதான் சீசன். கழுவ மட்டும் ஆள் கூப்பிட்டா ஃபில்டரையும் கழட்டிக் காட்டு, காட்டினாலே போதும், அவங்களே செய்யச் சொல்லிருவாங்க.

புதுஆத்துக்காரன்

12 நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

மீட்டர் வாங்கினேன். எங்க போர் 940. டாக்டர் வீடு 1180. மாநகராட்சிக் குழாய் 310. ஏசித் தண்ணி 16! நம்பாம மூணு தடவை விட்டுப் பார்த்தேன்.

டாக்டர் வீட்டுக்குக் காலையில ஆறு மணிக்கே போய் நின்னேன். வினிகருக்கு முக்கால்வாசி போயிருச்சு. கூரையில மட்டும் ஆறு புள்ளி அசையலை, கையாலேயே பாலிஷ் போட்டேன், ரெண்டு இன்னும் சாய்வா பார்த்தா தெரியுது. காசு வாங்கலை. அவர் ஒண்ணும் பேசலை. அவங்க வீட்டம்மா கார் ஒண்ணு இருக்காம், அதை ஞாயித்துக்கிழமை பார்க்கச் சொன்னாங்க. வெள்ளைக் கார், நிம்மதி.

செயலாளரைப் போய்ப் பார்த்தேன். அந்தத் தொட்டி மழைநீர்த் தொட்டியேதான் அம்மா. அதைச் சொல்லி அரைமணி நேரம் அர்ச்சனை. கடைசியில ஏசி கேன் விஷயத்துக்கு ஒத்துக்கிட்டாரு, மூணு வீட்டுக் குழாய் மட்டும், மூடி போட்ட கேன், தினம் எடுத்துரணும்னு. ஒரு துளி சோப்பு கீழே விழுந்தாலும் எல்லாத்தையும் தூக்கி வெளியே வச்சிருவேன்னு சொல்லியிருக்காரு.

லிஃப்ட் நோட்டீசை நானே கிழிச்சுட்டேன். வாட்ச்மேன் பெரியவருக்கு நாலு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் கொடுத்தேன், காஞ்ச துணியால தூசியைத் தேய்ச்சா கீறல் விழும், இப்படி நனைச்சுத் துடைங்கன்னு காட்டினேன். முதல் நாள் வாங்கவே மாட்டேன்னுட்டாரு. நேத்து அவரே வந்து, ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவாம், 'உள்ள வேக்குவம் பிடிக்க நான் வரவா'ங்கிறாரு. வயசு 58. அவருக்கு எவ்வளவு கொடுக்கிறது முறை? வண்டிக் கணக்கா, நாள் கணக்கா?

திருச்சி_பாலிஷ்

நாள் கணக்கு. வண்டி வரலேன்னா அது உன் நட்டம், அவரோடது இல்லை. டீ, டிபன் உன் செலவு. பைக்ல பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு பெட்டியை எங்க கட்டுவேன்னு மட்டும் இப்பவே யோசிச்சுக்க.

நாலாம்மாடி_செயலாளர் (மயிலாடுதுறை)

அவருக்கு முட்டி வலி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சீட்டு, கண்ணாடி கொடுங்கள். குனிந்து பிடிக்கிற தரை விரிப்பை நீங்கள் பாருங்கள்.